பெயர் வேண்டாம் என்ற பெண்மணி

மார்ச் 3

அன்புள்ள மகளுக்கு,

எங்கள் கட்டடத்தில் முந்தாநாள் எல்லோருக்கும் தடுப்பூசி போட்டார்கள். நர்ஸ், "எந்தக் கையில எழுதுவீங்க?" என்று கேட்டாள். வலது என்றேன். அப்படியானால் இடது கையில் போடலாம் என்றாள். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன செய்கிறது என்று கேட்டு எழுதித் தரும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டாள். படிவங்கள் உன் அலுவலகத்துக்குத்தான் வருமாமே. உனக்கு முன்கூட்டியே சொல்கிறேன்.

தையல்காரருக்கு வாயில் இரும்புச் சுவை. பாட்டு டீச்சருக்கு ஆறு வருடமாக வராத தூக்கம் வந்துவிட்டதாம். இதையும் பக்கவிளைவு என்றா எழுதுவது? கணக்கு வாத்தியாருக்கு ஊசிக்குப் பிறகு காது சரியாகக் கேட்கவில்லையாம். "நான் கூப்பிட்டா மட்டும் இருபது வருஷமாவே கேக்கறதில்ல" என்றாள் அவர் மனைவி. அந்த வரியை அடித்துவிட்டேன்.

எனக்கு ஒன்றும் இல்லை.

அம்மா

மார்ச் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

வாத்தியாரின் காதைத் திரும்ப எழுதுங்கள். ஊசிக்குப் பின் நடந்தது எதுவானாலும் எழுதுவது உங்கள் வேலை. ஊசியால் நடந்ததா என்று பார்ப்பது எங்கள் வேலை. தூக்கத்தையும் எழுதுங்கள். தையல்காரர் குண்டூசியை வாயில் கவ்வுகிறவரா? எங்கள் அறையில் இதே பேச்சுதான்.

உங்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லையே? போன வருடம் நீங்கள் குளியலறையில் விழுந்தபோது பேசியது நினைவிருக்கும். இன்னொரு தடவை ஏதாவது ஆனால், வீட்டைக் காலி செய்துவிட்டு என்னிடம் வருவதாக.

மகள்

மார்ச் 10

அன்புள்ள மகளுக்கு,

பேசியது நினைவிருக்கிறது. பேசியது நீ மட்டும்தான்.

தையல்காரர் முப்பது வருடமாகக் குண்டூசி கவ்வுகிறார். சுவை தெரிந்தது இப்போதுதானாம்.

பெயர் வேண்டாம் என்ற பெண்மணி ஒருத்தி. ஊசி போட்ட இடது கை மறுநாள் வீங்கிவிட்டது. கெட்டிலைத் தூக்கும்போது அந்தக் கை தாங்காமல் வெந்நீர் பாதத்தில் கொட்டிவிட்டது. கொப்புளம் ஆறிவருகிறது. பெரிதுபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

அம்மா

மார்ச் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுதாத கையில் போடுவதே அன்றாட வேலை தடைப்படாமல் இருக்கத்தான். அந்தப் பெண்மணி வலிக்கிற கையால் ஏன் கெட்டிலைத் தூக்கினாள் என்று மேலதிகாரி கேட்டார். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. கான்வென்ட் பள்ளியில் மதர் அவள் இடது கையை ரிப்பனால் கட்டிப்போட்டு வலது கையால் எழுதப் பழக்கினார். மாறியது எழுத்து மட்டும்தான். கத்தரிக்கோல், பூட்டு, கெட்டில், சின்ன வயதில் என் முதுகில் விழுந்த அடி எல்லாமே இடது கைதான்.

அவளால் ஒரு நல்லது நடக்கலாம். "எந்தக் கையில எழுதுவீங்க?" என்பதற்குப் பதிலாக "எந்தக் கையில பாரம் தூக்குவீங்க?" என்று கேட்கச் சொல்லப்போகிறேன். ஆனால் பெயரில்லாத படிவத்தைச் சேர்க்க முடியாது. அவளிடம் சொல்லுங்கள், யாரும் அவளை வீட்டைவிட்டுக் கிளப்ப மாட்டார்கள். எனக்குத் தெரியாமல் நடப்பதுதான் எனக்குப் பயம்.

மகள்

மார்ச் 17

அன்புள்ள மகளுக்கு,

படிவம் இத்துடன் இருக்கிறது. பெயரை இடது கையால் எழுதியிருக்கிறேன், அறுபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு. கோணல்மாணலாகத்தான் வந்தது. அப்படியே இருக்கட்டும்.

பாதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை வா. கெட்டிலை நான்தான் தூக்குவேன். நீ பக்கத்தில் நின்றுகொள்.

அம்மா