சின்ன அறையின் கதவு

என் செல்லப் படகோட்டிக்கு,

ஒஹையோ ஆற்றில் குளிர் அதிகமா? உன் கம்பளிச் சட்டையை நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். திட்டாதே.

போன மாதம் நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வாடகை வீடுகளையெல்லாம் உள்ளே புகுந்து சோதிக்கிறார்களாம்.

"ரெண்டே நிமிஷம்மா. எல்லா ரூமையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறோம்."

"கோர்ட் உத்தரவு இருக்கா?"

"வாடகை வீட்டுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"வாடகை வீடுன்னாலும் குடியிருக்கறது நாங்கதானே?"

வாசலை விட்டு நான் நகரவில்லை. வீட்டு ஓனர் ஹோஸ்டெட்லருக்கு அபராதம் போடுவோம் என்று மிரட்டிப் பார்த்தார்கள். அந்த மனிதரோ, "நீ தெறக்காதம்மா, வர்றது வரட்டும்" என்றுவிட்டார். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. குடியிருப்பவர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் நுழையக் கூடாது என்று நேற்று நீதிபதி சொல்லிவிட்டார்.

ஏன் மறுத்தாய் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நீ கேட்பாய். தொட்டில் இன்னும் சின்ன அறையில்தான் இருக்கிறது. மார்ச்சில் நம் குழந்தை போனதிலிருந்து நானே அங்கே போகவில்லை. அவர்கள் பூட்ஸ் காலோடு போவதா?

ஏப்ரலில் நீ அந்தக் கதவில் கை வைத்தபோது உன்னையும் கத்தி விரட்டினேன். அது தப்பு. உனக்கும் அவள் மகள்தானே. சீக்கிரம் வா, சேர்ந்து திறப்போம்.

உன்னவள்