பதினான்காம் பிரிவும் முதலாளியின் நற்செயலும்

ஜூன் 2, திங்கள்

போல்ட் வாங்கும் ஒப்பந்தம் முடிந்தது. நான் எங்கே எழுதினேன்? ஏஐ எழுதியது. "சமூகத்துக்கும் நல்லது நடக்கிற மாதிரி எழுது" என்று ஒரு வரி தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் இருபது பக்கம். முதலாளி கையெழுத்துப் போட்டார். போல்ட்காரரும் போட்டார். நான் படித்தேனா? கடைசிப் பக்கம் படித்தேன். அதில் கையெழுத்துக் கோடு மட்டும்தான் இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

போல்ட் மூட்டையோடு ஒரு கடிதம். "பதினான்காம் பிரிவின்படி என் ஜூன் மாத நற்செயல்: பக்கத்து வீட்டுக்காரர் பாடியபோது ஜன்னலைச் சாத்தவில்லை." இந்த ஆளுக்கு மூளை கீளை குழம்பிவிட்டதா?

ஜூலை 2, புதன்

பதினான்காம் பிரிவைப் படித்தேன். ஐயோ!

இரு தரப்பும் மாதம் ஒரு நற்செயல் செய்து மற்றவருக்கு அறிவிக்க வேண்டுமாம். எங்கள் தரப்பில் முதலாளி. அவரேதான் செய்ய வேண்டும், ஆள் வைத்துச் செய்யக் கூடாது. தவறினால் போல்ட் வருவது நின்றுவிடும். நாங்கள் செய்வதோ நாற்காலி. போல்ட் இல்லாத நாற்காலியில் உட்காருகிறவர் தரையில்தான் உட்காருவார்.

போல்ட்காரரிடம் போனில் கெஞ்சினேன். "அந்தப் பாட்டை முழுசா கேட்டேம்மா நான். உங்க முதலாளி மட்டும் சும்மா இருப்பாரா? ஜூன் மாசக் கணக்குக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கிறேன்."

ஜூலை 3, வியாழன்

முதலாளியிடம் சொன்னேன். கத்தினார். "படிக்காம எதுக்கும்மா என்கிட்ட நீட்டினே?" நீங்களும் படிக்கலையே சார் — வாய் வரை வந்ததை விழுங்கினேன். அதையே ஒரு நற்செயலாக அனுப்பலாம், ஆனால் அவர் செய்தது ஆகாதே. போல்ட் நின்றால் திங்கள் முதல் நான் வர வேண்டாமாம். இனிமே எங்க போய் வேலை தேடுறது?

மாலையில் ரத்ததானம் செய்யக் கிளம்பினார். ஊசியைப் பார்த்ததும் மயக்கம். கடைசியில் அவரைத் தூக்கிவந்த நான்கு பேர்தான் நற்செயல் செய்தார்கள்.

ஜூலை 4, வெள்ளி

போல்ட் நிற்கப்போகிறது என்று சொல்ல முதலாளியே கீழே, நாற்காலி பூட்டும் ஹாலுக்குப் போனார். பின்னால் நான், பூனை மாதிரி. பாதிப் பேச்சில் தலையைப் பிடித்துக்கொண்டார். நேற்றைய மயக்கம்.

"உட்கார ஒரு நாற்காலி போடுங்கப்பா."

யாரும் அசையவில்லை. போல்ட் முடுக்குகிற அக்காதான் வாயைத் திறந்தார். "இங்க நாற்காலி இல்லீங்க சார்."

சுற்றிலும் பெட்டி பெட்டியாக நாற்காலி!

"அதெல்லாம் விக்கிறதுக்கு. நாங்க நின்னுக்கிட்டேதான் செய்யிறோம்."

முதலாளி ஒரு பெட்டியைத் தன் கையாலேயே கிழித்தார். நாற்காலியை எடுத்து அக்கா பக்கம் தள்ளினார். அப்புறம் அடுத்த பெட்டி. நான் உதவப் போனேன். "தொடாதே! ஆள் வைக்கக் கூடாதுன்னு இருக்குல்ல?" மதியத்துக்குள் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். படம் எடுத்துப் போல்ட்காரருக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது: "பாட்டு கேட்டதை விடப் பெருசும்மா இது. லாரி கிளம்பிருச்சு."

ஜூலை 7, திங்கள்

வேலைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

ஹாலில் இருந்த மொத்தப் பேரும் மாடிக்கு வந்துவிட்டார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அக்காதான் பேசினார். "சார், தப்பா நினைக்காதீங்க. நம்ம நாற்காலியில மனுஷன் உட்கார முடியல."

எங்கள் நாற்காலியில் நாள் முழுக்க யாராவது உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவையாம். இன்றைக்குக் கத்தல் நிச்சயம் என்று முதலாளியைப் பார்த்தேன். மனிதருக்கு முகமெல்லாம் பல்.

"இந்த மாச நற்செயல் கிடைச்சிருச்சும்மா! மனுஷன் உட்காருற மாதிரி நாற்காலி! எழுதிக்கோ, எழுதிக்கோ!"