பெரியப்பா பேரில் ஒரு படுக்கை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
3.6.2024

அன்புள்ள இனியவனுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய்யாகிவிடும். போனில் நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்குகிறது, அதனால்தான் கடிதம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பாம். எட்டாவது ஃபெயிலான எனக்கு டாக்டரம்மா படம் போட்டே பாடம் நடத்தினார்.

"தமனிக்குச் சுவர் தடிப்பு அய்யா. இதயம் தள்ளுற வேகத்தைத் தாங்கணும் இல்ல? சிரை மெல்லிசு. ஆனா கால் சிரைக்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கும், மேல ஏறுற ரத்தம் திரும்பக் கீழ விழாம. அதுல ஒண்ணை எடுத்து அடைப்பைத் தாண்டித் தைப்போம். தலைகீழாத் திருப்பித்தான் தைக்கணும். இல்லாட்டி அந்தக் கதவே வழிய மறிச்சிடும்."

"எங்க வீட்டுக் கதவே ஒழுங்கா சாத்தாது, எங்கால்ல இத்தினி கதவா?" என்றேன். அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஜூலை பத்தாம் தேதி ஆபரேஷன். அதற்குள் ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. வேறொன்றும் கேட்கவில்லை.

ஆசையுடன்,
அப்பா

பாரிஸ்
15.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

படித்ததும் பயந்துவிட்டேன். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் இங்கே சம்பளத்தோடு லீவு தருவார்கள். ஆனால் பதினாலு வயதில் என்னை பிரெஞ்சுக் குடிமகனான சக்கரபாணி பெரியப்பாவுக்குத் தத்துக் கொடுத்துத்தானே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கினோம்? காகிதத்தில் அவர்தான் என் அப்பா.

ஒரு வழி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பெரியப்பா பேரில் சேர்ந்துவிடுங்கள். அவரிடம் பேசிவிட்டேன், அடையாள அட்டையைத் தருகிறார். வெறும் பேர்தானே அப்பா. ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, சம்பளம் பிடிக்காமல் நான் வந்துவிடலாம்.

அன்பு மகன்,
இனியவன்

முத்தியால்பேட்டை
29.6.2024

இனியவனுக்கு,

பெரியப்பா அட்டையோடு வந்தார். "டேய் கண்ணையா, பத்து நாளு நீ நானா இருந்துட்டுப் போயேன்டா" என்றார். ஆசை யாரை விட்டது? கண்ணாடி முன் நின்று என்னையே "சக்கரபாணி அய்யா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சிப்பாய், சொல்தா மாதிரியா இருக்கிறது இந்த மூஞ்சி?

வேறு ஆள் பேரில் சேர்ந்தால் என்ன என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அவரோட பழைய சீட்டைப் பார்த்து அவர் குரூப் ரத்தத்தை ஏத்திட்டா? சேராத ரத்தம் குழாய்க்குள்ளயே உடையும் அய்யா. உயிரே போயிடும்" என்றார். பெரியப்பா பி. நான் ஓ. நீயும் ஓ.

அம்மா கேட்டது ஒன்றுதான். "சம்பளம் புடிச்சா புடிக்கட்டும்னு வரமாட்டானா?" அட்டையைப் பெரியப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிள்ளையை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்தேன்; நன்றாக இருக்கிறாய், சந்தோஷம். நெஞ்சைப் பிளக்கும்போது நான் கண்ணையனாகவே படுத்துக்கொள்கிறேன். ஆபரேஷன் சம்மதத் தாளில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். நீ வர வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து போன் செய்தால் அம்மாதான் எடுப்பாள். காகிதத்தில் அவள் உனக்கு யார் என்று பார்த்து வைத்துக்கொண்டு பேசு.

இப்படிக்கு,
கண்ணையன்