வயிற்று வலி என்று எழுதியிருந்தாய்

புக்கிட் பெலிம்பிங் பக்கம்,
கோல சிலாங்கூர்.
12.8.1984

அன்புள்ள அன்னம்மாவுக்கு வீராயி எழுதிக்கொள்வது.

நான் சுகம். இந்த முறை அது பொய்யில்லை. நீயும் உன் மகன் உடையப்பனும் மருமகளும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். வயிற்று வலி, வயலுக்குப் போவதில்லை, வீட்டோடு கிடக்கிறேன் என்று மருமகளை எழுதச் சொல்லியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இந்தக் கடிதத்தையும் அவள்தான் உனக்குப் படித்துக்காட்டுவாள். வெட்கப்பட்டுப் பாதியில் நிறுத்தச் சொல்லாதே.

எனக்கு ஆப்பரேஷன் ஆகிவிட்டது. கர்ப்பப்பை இறங்கியிருந்தது. எழுதிவிட்டேன், பார். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து பதினாறு வருடம், துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நடமாடினேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஆண்பிள்ளை, அவரிடம் எப்படிச் சொல்வது? போகும்போதெல்லாம் வயிற்று வலி என்றேன். அவரும் சலிக்காமல் அந்த வெள்ளை மருந்தை ஊற்றிக் கொடுத்தார். இரண்டு ரப்பர் பால் வாளி நிறையக் குடித்திருப்பேன்.

போன மாதம் ஒருநாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை. துடித்துப்போனேன். வேலை வாங்கும் மண்டோர் சேதுதான் லோரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே சீனப் பெண் டாக்டர். பாட்டி, இத்தனை வருஷம் இதோட எப்படிலா நடந்தீங்க என்று டாக்டர் கேட்பதாகத் தமிழ் நர்ஸ் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் இல்லாததால் கையெழுத்துப் போடத் தனபாலன் கோலாலம்பூரிலிருந்து வந்தான். குடல் இறக்கம் என்று சொல்லிவைத்திருந்தேன். நர்ஸ் உண்மையைச் சொல்லிவிட்டாள். பெற்ற பிள்ளை என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, மருமகளை அனுப்புகிறேன் என்று போனான். இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

ஆப்பரேஷனுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. முதுகில் ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். வயிற்றைக் கிழிக்கவில்லை. கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்த இடத்தை இழுத்துத் தைத்துவிட்டார்கள். சில நாள் சிறுநீருக்குக் குழாய் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆட்கள் பார்க்கவரும் நேரம்தான் கொடுமை. பக்கத்துக் கட்டிலில் சபாக் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹலீமா. அவரைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்திருப்பேன்.

மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாதாம். குழாயடியிலிருந்து சின்னச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு நடைக்கும் உன் ஞாபகம்தான். நான் முடியாமல் நின்ற நாட்களில், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் என் பால் வாளியையும் நீதானே கொட்டகைவரை சுமந்தாய்.

இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று உன்னை ஊருக்குக் கப்பலேற்றிய அன்று, உன் வீட்டை நான்தான் கூட்டினேன். கொடியில் ஒரு கைலிக்கு அடியில் நீ மறந்துவிட்டுப்போன துணிகள் கிடந்தன. நான் கட்டுவதுபோலவே மூன்று மடிப்பு, ஓரத்தில் நாடா. உனக்கும் அதுதான் என்று அன்றே தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டா என் வாளியையும் தூக்கினாய், பாவி? பதினான்கு வருடம் எத்தனை கடிதம் போட்டிருப்பேன், ஒன்றிலாவது கேட்டேனா? வெட்கம் வாயைக் கட்டிப்போட்டது. என்னை மன்னித்துவிடு.

படித்துக்காட்டும் மகளே, இனி உனக்குத்தான் எழுதுகிறேன். உன் மாமியாருக்கு வெறும் வயிற்று வலி இல்லை. அவள் இல்லவேயில்லை என்பாள், நம்பாதே. பெண் டாக்டர் இருக்கும் இடமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ. கையெழுத்துப் போடும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சொல்லி உடையப்பனிடம் சொல். பார்க்கவரும் நேரத்தில் எங்கும் போகாமல் அவள் கட்டிலருகே உட்கார்ந்திரு. நீ நூறு வயது நன்றாக இருப்பாய் அம்மா.

இப்படிக்கு,
தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்
வீராயி