எட்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்

சிதம்பரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் எழிலனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும், அங்கே குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, ஏதோ இருக்கிறோம். உங்கப்பாவுக்கு உள்ளே டயாலிசிஸ் ஓடுகிறது, நாலு மணி நேரம் ஆகும், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் உள்ளே அவரிடம் இருக்கிறது, வீட்டில் பேசினால் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டிருப்பார், அதனால்தான் கடிதம். உன் சித்தப்பா மகன் அருள்முருகன் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவான். எனக்கு முழங்கால் வலி ஜாஸ்தி. நம் ஊர் முதுநகரில் அவரை பஸ் ஏற்றி, இங்கே இறக்கி, மறுபடி ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. வெள்ளிக்கிழமை இங்கிருந்து வீடு திரும்பியதும் முடியாமல் வெறும் ரசம்தான் வைத்தேன்.

எதிர்வீட்டு சின்னையன் மாமா போய்விட்டார். கனடாவில் இருக்கிற மகன் வரட்டும் என்று மூன்று நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நடுவில் ஏதோ ஒரு ஊரில் விமானம் மாறப் பதினோரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்களாம். வந்து கண்ணாடி மேல் விழுந்து, பேசுப்பா பேசுப்பா என்று கதறினான். பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நானும் உன் வழியைக் கணக்குப் போட்டேன். சிங்கப்பூர் வரை ஏழரை மணி, அங்கிருந்து மெட்ராஸ் நாலு மணி, மீனம்பாக்கத்திலிருந்து நம் வீட்டுக்கு அஞ்சு மணி, காத்திருப்பதெல்லாம் சேர்த்தால் ஒரு முழு நாள். உங்கப்பா வேறு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், கண்டக்டர் புத்தி போகுமா. ஆஸ்பத்திரிக்குப் போக வர எண்பது கிலோமீட்டர், இன்றோடு நூற்றுப்பத்து ட்ரிப், எட்டாயிரத்து எண்ணூறு. உன் ஊர் எட்டாயிரத்து எழுநூறுதானாம். நான் மெல்பர்னயே தாண்டிட்டேன்டி, இவன் இன்னும் மீனம்பாக்கம் வரல என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. இப்போதெல்லாம் சில நேரம் ஆளும் பிடிபடவில்லை. போன வாரம் அருள்முருகன் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படா வந்த எழிலா, சாப்ட்டியா என்று கேட்டார். அவன், நான் எழிலன் இல்லை என்று சொல்ல மனசு வராமல், சாப்ட்டேம்பா என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றான்.

லீவு பன்னிரண்டு நாள்தான் மிச்சம், எமர்ஜென்சிக்கு வச்சிருக்கேம்மா என்று அன்றைக்குச் சொன்னாய். என்ன எமர்ஜென்சி என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியாதா. உன் மேல் கோபமில்லை சாமி, நீ அப்படிச் சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு நாளையும் இப்போதே எடுத்துக்கொண்டு வா. அவர் உன்னைப் பார்த்து நாலு வார்த்தை திட்டுகிற தெம்போடு இருக்கும்போதே வா. அந்தக் காரியத்துக்கு நீ வர வேண்டாம். அருள்முருகனிடம் சொல்லிவிட்டேன், அவன் கொள்ளி வைப்பான். சரி பெரிம்மா என்று அழுதான்.

மருமகளைக் கேட்டதாகச் சொல். இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். டிக்கெட் போட்டால் என்னிடம் சொல்லாதே, அவருக்கே போன் போட்டுச் சொல்.

உன் அம்மா,
லோகநாயகி