வரம்பில் ஐந்து விரல்கள்

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று காலையும் அண்ணன் தம்பி நம் இருவர் வயல்களுக்கும் நடுவிலுள்ள வரம்பு உடைந்து, என் தண்ணீர் உங்கள் பக்கம் ஓடியிருந்தது. உடைப்பருகே சேற்றில் புதிய தடம். நாய் என்றேன். என் மனைவி குந்தியிருந்து எண்ணினாள்.

"நாய்க்கு நாலு விரல்தானே பதியும். இதில அஞ்சு கிடக்கு. நீந்துற தாராக் கால் மாதிரி இடையில தோலும் இருக்கு."

சுற்றிலும் நண்டோடுகள். நீர்நாய்தான், காக்கா! நண்டு பிடிக்க வரம்பைத் தோண்டியிருக்கிறது.

போன போகத்தில், நீங்கள் வரம்பை வெட்டியதைக் கண்ணால் கண்டேன் என்று பள்ளிவாசல் முன்னால் எல்லாரும் கேட்கச் சொன்னேன். நான் கண்டது உடைந்த வரம்பை மட்டும்தான்.

மழை இருட்டிக்கொண்டு வருகிறது. தடத்தின் மேல் சட்டியொன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள். வரம்பை நான் இன்னும் அடைக்கவில்லை.

உங்கள் தம்பி