அளக்காமல் போன பிழை

அன்பு மகள் ஐலாவுக்கு அப்பா ஏய்னோ சொல்ல, உன் தங்கை மெர்யா எழுதுவது. சிலி நாட்டு மலைமேல் வானாய்வுக்கூடத்தில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அம்மாவும் மெர்யாவும் சுகம். நான் சொல்வதையெல்லாம் இவள் புத்தக நடைக்கு மாற்றுகிறாள், தடுத்தால் கேட்பதில்லை. அம்மா போனில் பாதிதான் சொல்லியிருப்பாள். வலது கண்ணும் போய்விட்டது. இடது கண் மர ஆலையில் போனபோது நீ பிறக்கவில்லை. ஆக, கூடிக் குறையும் நம் நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பக்கத்து நீல நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு, இத்தனை வருடமும் இந்த ஒற்றைக் கண்ணால்தான் மதிப்பிட்டு வந்தேன்.

புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி மாதிரி, நீல நட்சத்திரத்தை மங்கலாகக் காட்டும் என்பது உன் கருவியின் அளவோடு என் அளவு ஒத்துப்போகாதபோதுதான் தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால், கருவி அளந்த நட்சத்திரங்களை இதே கண்ணால் ஒரு தடவை பார்த்துக் குறித்தால் பிழை எவ்வளவு என்று பிடிபடும், பழைய அளவுகளைத் திருத்திவிடலாம் என்று எழுதியிருந்தாய். நவம்பரில் இந்தச் சுப்பீரியர் ஏரி மேகத்தை விலக்கி வானத்தைத் திறந்து விட்டதுண்டா? டாக்டர் தேதி கொடுத்தார், தள்ளினேன். மறுபடி கொடுத்தார், மறுபடி தள்ளினேன். அம்மா சௌனா நீராவிக் குளியலறைக்கு விறகு போட்டுக்கொண்டே, "யோவ், நட்சத்திரம் எங்கயும் ஓடிராது, கண்ணுதான் ஓடிரும்" என்று கத்தினாள். "கண்ணு லென்ஸை மாத்திட்டா பழைய பிழையை எங்க போய்த் தேடுறது, ஹெல்மி?" என்றேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கண்வலி மண்டையைப் பிளந்தது, ஒரே வாந்தி. ரோடெல்லாம் பனி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது. இனிப் பார்வை வராதாம்.

நேற்றுச் சாயங்காலம் மேகம் விலகியது. மெர்யா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "அப்பா, நீலம்தான் பளிச்சுனு இருக்கு, உங்க அளவோட சேத்து எழுதிடட்டா?" என்றாள். "வேணாம்டி, அது உன் கண்ணு" என்றேன்.

புரை எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியாது. எந்த வருடத்து அளவை நம்பலாம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால் என் அளவுகளை உன் ஆய்விலிருந்து எடுத்துவிடு. அப்பாவுடையது என்று இரக்கப்பட்டு ஒன்றைக்கூட விட்டுவைக்காதே. நீ கேட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று உருகாதே, கேட்காவிட்டாலும் காத்திருந்திருப்பேன். டிக்கெட் எடுத்து ஓடி வராதே, வந்து செய்ய ஒன்றுமில்லை.

மலைக்குளிரில் காதை மூடிக்கொள். வருடத்துக்கு ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டு. கர்த்தர் உன் இரண்டு கண்களையும் காக்கட்டும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்று மறக்காமல் ஒரு வரி எழுது, மெர்யா படித்துச் சொல்வாள்.

உன் அப்பா,
ஏய்னோ